சுவரப்பா

பதின்மூன்று வருஷம் கழித்து வீட்டு வாசலில் கால் வைத்த செண்பகராஜை முதலில் வரவேற்றது அவனுடைய குரல்தான்.

"வாங்க வாங்க. செருப்ப வெளியிலயே கழட்டிருங்க. கனகு இப்பத்தான் தரையக் கழுவி விட்டா."

சத்தியமாக அவன் வாயைத் திறக்கவில்லை. குரல் கூடத்துச் சுவரிலிருந்து வந்தது. அங்கே கதவு அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குள் நீலக் கட்டம் போட்ட சட்டையோடு, ஒரு நரைகூட இல்லாமல், அவனே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செண்பகராஜுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படியெல்லாம் நாம் என்றைக்குச் சிரித்தோம் என்று யோசித்தான்.

"இதான் உங்க நிகர். இப்பத்தான மொதத் தடவ பாக்குறீங்க?" என்றார் கூட வந்திருந்த நன்னடத்தை அலுவலர் எஸ்தர்.

"ஆமா மேடம். நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னு உள்ள சொல்வாக. இப்படி ஓடும்னு யாருக்குத் தெரியும்?"

எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்து விவரத்தைச் சொன்னார். அவன் மனைவி கனகமணி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுக்களை நிலைப்படியில் நின்றாள். "அக்கா, நீங்களும் கேட்டுக்கோங்க. பரோல் பதினஞ்சு நாள். கால்ல மாட்டியிருக்குற காவல் பட்டையக் கழட்டக் கூடாது. தினம் பத்து மணிக்கு இவர் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். பதினஞ்சாம் நாள் காலையில நான் வருவேன். நீங்க கட்டைவிரல் வச்சு ஏத்துக்கிட்டீங்கன்னா இவர் இங்கயே இருந்துறலாம், முன்விடுதலை. வைக்கலன்னா திரும்பப் போகணும். அடுத்த மனு ஏழு வருஷம் கழிச்சுத்தான் போட முடியும்."

"விரல் வச்சா இவரு?" கனகமணி கையை நீட்டிக் காட்டியது புருஷனை அல்ல, சுவரை.

"அன்னைக்கே அணைச்சிருவோம்க்கா. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ஆளே வந்த பெறகு நிகர் எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து உள்அறைக் கதவு திறந்தது. மகள் தேன்மதி வந்து நின்றாள். அவன் சிறைக்குப் போகும்போது ஐந்து வயது. இப்போது நர்சிங் படிக்கிற பதினெட்டு வயதுப் பெண், தாயைவிட ஒரு சாண் உயரம். "வாங்கப்பா" என்றாள் மரியாதையாக. பிறகு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல ஒரு கணம் சுவரைப் பார்த்தாள். சுவரில் இருந்தவன் லேசாகத் தலையாட்டினான்.

மறுநாள் காலையில் மொட்டைமாடிக்குப் போனால், கனகமணி நார்த்தங்காய்களைச் சுருள் சுருளாக அரிந்து, உள்ளே உப்பை அடைத்துத் தாம்பாளத்தில் வெயிலுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு எண்ணெய் மிதக்க, காரம் தூக்கலாகப் போட்ட ஊறுகாய்தான் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"எண்ண ஊறுகா போடலையா கனகு?"

"இது நாள்பட இருக்கும்ங்க" என்றாள், நிமிராமல்.

சரி, வீட்டுக்கு வந்தவனுக்காக வருஷத்துக்கும் சேர்த்துப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மனசு குளிர்ந்துபோயிற்று. தாம்பாளத்தைத் தூக்கி வெயில் படுகிற பக்கமாக நகர்த்தியும் கொடுத்தான்.

அவன் செய்த காரியத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டியில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம் அது. தெருக்குழாயில் முறை மாறி நின்ற சேர்மக்கனி என்பவன் கனகமணியின் குடத்தைத் தள்ளிவிட்டான். அவ்வளவுதான். செண்பகராஜ் பக்கத்து அடிபம்பின் கைப்பிடியை உருவி ஒரு போடு போட்டான். ஒரே அடி. மூன்றாம் நாள் சேர்மக்கனி போய்ச் சேர்ந்தான். சின்னக் குடத்தை இடுப்பில் வைத்தபடி ஐந்து வயதுத் தேன்மதி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

சிறை இருந்த ஊர் முந்நூறு மைல் தள்ளி. பார்க்க வந்துபோக வழியில்லாத குடும்பங்களுக்கென்று அப்போதுதான் நிகர் திட்டம் தொடங்கியிருந்தார்கள். தலையில் ஒரு பட்டையை மாட்டி, தினம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்பார்கள். நாலாயிரத்துச் சொச்சம் கேள்வி, ஒரு வருஷம் முழுக்க. பதில்களை வைத்து ஆளைச் செய்து, வீட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். பிள்ளைக்கு அப்பா முகம் மறக்காதே என்று செண்பகராஜ் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் என்ன செய்தான் தெரியுமா? பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் வெற்றிலைகூடப் போட மாட்டான் என்று மாப்பிள்ளை வீட்டார் அளப்பார்களே, அப்படி அளந்து தள்ளினான். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? போட்டுக்கிட்டுச் சாப்பிடுவேன் சார். கோபம் வந்தால்? ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டு வெளியில போய் உக்காந்துருவேன். மகள் பரீட்சையில் தோற்றால்? போனாப் போகுதுத்தா, அடுத்த தடவ பாத்துக்கலாம்னு சொல்வேன். கொலை செய்துவிட்டு வந்தவனிடம் அதிகாரி கேட்கிறார், அவன் வேறு என்னத்தைச் சொல்வான்! உப்பு இல்லையென்று ரசக் கிண்ணத்தை இந்தக் கூடத்துச் சுவரில் வீசியடித்தவன் அவன். கறை போகவே இல்லை. கண்ணாடிப் பலகையைக் கனகமணி அந்தக் கறையின் மேல்தான் மாட்டச் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து வேலை தேடி அலைந்தான். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பழைய முதலாளியின் மகன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு, "அண்ணாச்சி, எனக்கு உங்க மேல ஒண்ணும் கெடையாது. ஆனா உங்க காலுப் பட்ட உள்ள நொழஞ்சாலே மிசினு அம்புட்டும் தன்னால நின்னுரும். இன்சூரன்ஸ்காரன் அப்படி வச்சிருக்கான்" என்றான். தீப்பெட்டி ஆபீசில் வாசல் கதவே திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கே போனாலும் நடைதான் என்றாகிவிட்டது.

தெருவில் அவனிடம் பேசிய ஒரே ஆள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. "சொவத்துல இருக்காகளே உங்க வீட்ல, தங்கமான மனுசன்" என்றாள் அவனிடமே. "எம்மகன் பத்தாவதுல பெயிலாகி மருந்தக் குடிக்கப் போனான். உங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து அவுககூடப் பேசித்தான் தெளிஞ்சான். அவுகள நிப்பாட்டிருவாகளாமே, நெசமாவா?"

தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டான்.

எட்டாம் நாள் தண்ணீர் வண்டி வந்தது. தெருவே வரிசையில் நின்றது. கனகமணிக்கு முந்திக்கொண்டு செண்பகராஜே இரண்டு குடத்தோடு போனான். நல்லபடியாக நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசை. அவன் முறை வந்ததும் வண்டிக்காரன் குழாயை மூடினான். "பட்டக்காரனுக்குக் கடைசியிலதான். போய் ஓரமா நில்லு."

செண்பகராஜ் அடிக்கவில்லை. கை ஓங்கவும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், "ஏலேய்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கையிலிருந்த குடம் தார் ரோட்டில் விழுந்து, கணகணவென்று உருண்டது.

திரும்பிப் பார்த்தான். வாசலில் தேன்மதி நின்றிருந்தாள். கண் திறந்தபடி இருந்தது, ஆனால் அதில் பார்வை இல்லை. கை கால் விறைத்து, உதடு நீலம் பாரித்து, மூச்சு உள்ளே போகாமல் நின்றாள்.

"தேனு! ஆத்தா தேனு!" என்று ஓடிப்போய்த் தோளைத் தொட்டான். அவள் உடம்பு இன்னும் இறுகியது. கனகமணி பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க தொடாதீங்க! தள்ளுங்க!" பெண்ணை அப்படியே அணைத்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

சுவரில் இருந்தவன் பதறவில்லை. "தேனு, நாந்தான். குடம்தான் விழுந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. நம்ம தெருவுல மொத வீடு யாரு வீடு?"

அவன் மறுபடியும், அதே நிதானத்தில் கேட்டான். மூன்றாம் தடவை அவள் உதடு அசைந்தது.

"கொத்தனார்... வீடு."

"அடுத்தது?"

"லைன்மேன் மாமா வீடு."

இப்படியே ஒவ்வொரு வீடாக வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு கூடியது. செண்பகராஜ் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல்தான், அதே தொண்டைதான். ஆனால் அந்தத் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று அவனுக்கே தெரியாது.

"அடுத்தது?"

"நம்ம வீடு."

"நம்ம வீட்ல யாரு யாரு இருக்கா?"

"அம்மா. நான். சுவரப்பா." பெரிதாக ஒரு மூச்சு விட்டு, தாயின் மடியில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று கனகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, தாயும் மகளும் வெளியே போயிருந்த காலை நேரத்தில், செண்பகராஜ் கண்ணாடிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏய். நீ யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்க?"

"நீங்க சொன்ன ஆளு" என்றான் சுவரில் இருந்தவன்.

"நான் சொன்னது அம்புட்டும் பொய்யிடா மடையா. ஒண்ணுகூட உண்மை கெடையாது."

"தெரியும். மொத மாசமே கனகு சொல்லிட்டா. 'நீங்க அவுக இல்ல, அவுக இப்படிப் பேச மாட்டாக'ன்னு ஒரு மணி நேரம் அழுதா. நான் மேல எழுதிப் போட்டு மாத்தச் சொல்லவான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'வேண்டாம், இப்படியே இருங்க'ன்னு சொன்னா."

செண்பகராஜ் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கண்ணாடிப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு கேட்டான், "அந்தப் பிள்ளைக்கு இப்படி அடிக்கடி வருமா?"

"இப்ப வருஷத்துல ரெண்டு மூணு தடவதான். சின்னதுல தினம் வரும். பாத்திரம் விழுந்தா வரும், குழாயில தண்ணி வந்தா வரும். நாங்க ரெண்டு பேருமாச் சேந்துதான் அந்த வீடு எண்ணுற கணக்க உண்டாக்குனோம்."

"நான் அதே மாதிரி கேட்டா சரியாகாதா? குரல் ஒண்ணுதான?"

"முந்தாநாள் அவளுக்கு வந்ததே உங்க குரலாலதான்." அதையும் அவன் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்ப அந்த ஆபீசரம்மா வந்து ஒன்ன அணைச்சிட்டுப் போனா எம்பிள்ள கெதி என்னா?"

"தெரியல. டாக்டர்ட்ட காட்டணும். ரொம்ப நாளாகும்."

"ஒனக்குப் பயமா இல்லையா, அணைச்சிருவாங்கன்னு?"

"பயம்னா என்னன்னு கேட்டதுக்கு, எனக்கு அப்படி ஒண்ணே கெடையாதுன்னு பதில் சொல்லியிருக்கீங்க" என்று சிரித்தான் சுவரில் இருந்தவன். "அதனால எனக்கும் தெரியாமப் போச்சு."

செண்பகராஜுக்கும் சிரிப்பு வந்தது. பாவி, நன்றாகத்தான் பேசுகிறான். வீட்டுக்கு வந்து பத்து நாளில் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் அவனோடு.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் யோசித்தது ஒன்றைத்தான். கனகமணி விரல் வைத்தால் பெண் தெருவில் விறைத்து நிற்பாள். விரல் வைக்காவிட்டால், கட்டியவனைச் சிறைக்கு விரட்டியவள் என்று ஊர் அவளைக் காறித் துப்பும், தேன்மதிக்கு மாப்பிள்ளை பார்க்கிற இடத்திலும் அந்தப் பேச்சு முந்திக்கொண்டு போய் நிற்கும். ஏழு வருஷம் என்பது அவனுக்கு என்ன சும்மாவா? உள்ளே ஒவ்வொரு நாளும் இந்தக் கூடத்தையும் இந்த வாசலையும் நினைத்துத்தானே பதின்மூன்று வருஷத்தைத் தள்ளினான்! எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. பரோல் முடியும் முன்பே கைதி தானாகத் திரும்பிவிட்டால் விரலும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம், நிகரும் இருக்கும். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போன இடத்தில் ரைட்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். "அப்படி எவன்யா போவான்?" என்றார் ரைட்டர்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் கனகமணி மீன்குழம்பு வைத்திருந்தாள். வந்ததிலிருந்தே அப்படித்தான். ஒரு நாள் நாட்டுக்கோழி, ஒரு நாள் கருவாட்டுத் தொக்கு, ஒரு நாள் அவனுக்குப் பிடித்த உளுந்தங்களி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னான்.

"கனகு, நாளைக்குக் காலையில நான் கெளம்பிர்றேன். எனக்கு இங்க தூக்கமே வரல. உள்ள லைப்ரரியில ஒரு வேலை கொடுத்திருக்காக, அதுவும் மனசுலயே நிக்குது. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்பாள், கையைப் பிடிப்பாள், ஒரு தடவையாவது இருங்க என்று சொல்வாள். சொன்னாலும் போகத்தான் போகிறான், இருந்தாலும் சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது.

கனகமணி உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். இரண்டு வெள்ளைக் கைலி, துண்டு, மூட்டுவலித் தைலம், மூக்குக்கண்ணாடிக்குப் புதுக் கூடு. எல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தது.

"எப்பக் கட்டி வச்ச இத?"

அவள் அழுதாள். சுவரைக் காட்டி, அழுகையினூடேதான் சொன்னாள். "நீங்க வந்த அன்னைக்கே அவுக சொன்னாக. 'பதினாலாம் நாள் காலையில அவராவே கெளம்பிருவாரு கனகு. நானா இருந்தா அப்படித்தான் செய்வேன். நீ எதையும் சொல்லி அவர நோகடிக்காத. இருக்குற வரைக்கும் வாய்க்கு ருசியாப் பொங்கிப் போடு'ன்னு. நான் நம்பல. எம்புருசன் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னு சொன்னேன்."

செண்பகராஜ் சுவரைப் பார்த்தான். அங்கே இருந்தவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் வெரல் வச்சிருப்பேங்க" என்றாள் கனகமணி. "நீங்க போறேன்னு சொல்லலன்னா வச்சிருப்பேன். ஆனா சொன்ன ஒடனே எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அத நெனச்சுத்தான் அழுறேன். என்னத் தாலி கட்டிக் கூட்டிட்டு வந்தது நீங்க. எம்பிள்ளைய வளத்தது அவுக. நான் என்னங்க செய்ய?"

"நீ செஞ்சது சரிதாம்மா" என்றான் செண்பகராஜ். நாலாயிரம் கேள்வியில் இந்த ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை.

காலையில் தேன்மதி வாசல்வரை வந்தாள். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் சொல்கிற பரிவோடு. அவள் தலையில் கை வைக்கப் போனவன், எட்டாம் நாள் நினைவு வந்து கையை மடக்கிக்கொண்டான். உள்ளேயிருந்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று அவன் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினான். கொத்தனார் வீடுவரை ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டே நடந்தான்.

மறுநாள் காலை சிறை வாசலில் சோதனைக்கு நின்ற வார்டர் அவனைப் பார்த்துத் திகைத்துப்போனார். "என்னய்யா செண்பகம், இன்னைக்குப் பொழுது முழுக்க இருக்கே! கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"அங்க எல்லாம் சரியா இருக்கு சார்."

வார்டர் பையை மேஜையில் கொட்டினார். கைலிகளுக்கு அடியில், துணியில் சுற்றி, மூடி இறுக்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. சிறைக்குள் எண்ணெய் ஊறுகாய் விட மாட்டார்கள். கசிந்துவிடும் என்று வாசலிலேயே கொட்டிவிடுவார்கள். வார்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். காய்ந்து சுருங்கிக் கறுத்த உப்பு நார்த்தங்காய்ச் சுருள்கள்.

"அடடா, எண்ணெயே இல்லாம நல்ல பதமாக் காஞ்சிருக்கே! எத்தன நாள் வெயிலுய்யா?"

"பன்னெண்டு நாள் சார்" என்றான் செண்பகராஜ். "நான் வீட்டுக்குப் போன மறுநாளே வெயிலுக்கு வச்சிட்டா."